கடுகு கம்ப்யூட்டர் பேசக் கற்ற கதை

ஒட்டன்சத்திரம் காய்கறி மார்க்கெட்.

லாரிகள் வரிசையாக வந்து நிற்கின்றன. மூட்டைகள் இறங்குகின்றன. தக்காளி, கத்தரி, வெண்டை, முருங்கை என்று மலை மலையாகக் குவிகிறது. தமிழ்நாட்டின் பெரிய காய்கறி சந்தைகளில் இதுவும் ஒன்று. இங்கிருந்து கேரளாவுக்கு லாரி லாரியாகக் காய்கறி போகிறது.

ஒரு மூட்டையைத் தூக்கி எலெக்ட்ரானிக் தராசில் வைக்கிறார்கள். கண் இமைக்கும் நேரத்தில் சிவப்பு எண்கள் எரிகின்றன. 48 கிலோ 200 கிராம்!

அந்த எண்ணைப் போட்டது யார்?

தராசுக்குள் ஒரு உலோகத் துண்டு இருக்கிறது. மூட்டையின் பாரத்தால் அது மிக மிகக் கொஞ்சமாக வளைகிறது. வளைந்தால் அதில் ஓடும் மின்சாரத்தின் அளவு மாறுகிறது. அந்த மாறுதலைப் பார்த்து, கணக்குப் போட்டு, எண்ணாகக் காட்டுவது ஒரு சின்னஞ்சிறு சிப். அது விரல் நகம் அளவுதான் இருக்கும். ஆனால் அதுவும் ஒரு கம்ப்யூட்டர்தான்!

வீட்டில் எத்தனை?

"எங்கள் வீட்டில் கம்ப்யூட்டரே இல்லை" என்று பலர் சொல்வார்கள். அது தவறு.

துணி துவைக்கும் மிஷினில் ஒன்று இருக்கிறது. டெலிவிஷன் ரிமோட்டில் ஒன்று இருக்கிறது. புதிய மோட்டார் சைக்கிளில் ஒன்று இருக்கிறது. செல்போனில் தோட்டத்து மோட்டாரைப் போடுகிறார்களே, அந்த ஸ்டார்ட்டர் பெட்டிக்குள்ளும் ஒன்று இருக்கிறது.

மேஜை மேல் இருக்கும் கம்ப்யூட்டரில் சினிமா பார்க்கலாம், கடிதம் எழுதலாம், கணக்கும் எழுதலாம். இந்தக் கடுகு கம்ப்யூட்டர் அப்படி அல்ல. ஒரே ஒரு வேலைக்காக ஒரு பெட்டிக்குள் அடைபட்டுக் கிடக்கும். தராசில் இருந்தால் எடை போடும். ஸ்டார்ட்டரில் இருந்தால் மோட்டாரைப் போடும், நிறுத்தும்.

நீண்ட காலம் இந்தச் சிப்புகளுடன் பேச ஒரு சிலரால்தான் முடிந்தது. பெட்டியைச் செய்த கம்பெனியின் என்ஜினீயர் என்ன எழுதி வைத்தாரோ, அதைத்தான் சிப் செய்யும். பெட்டியை வாங்கியவர் அதை மாற்ற முடியாது. கம்பெனியை மூடிவிட்டால் பெட்டியின் கதியும் அதோகதிதான்.

இன்று நிலைமை மாறி வருகிறது. பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளும் அந்தச் சிப்புடன் பேசுகிறார்கள். எப்படி? கதையைக் கேளுங்கள்.

சிப்பின் மொழி

கம்ப்யூட்டருக்குத் தமிழும் தெரியாது, இங்கிலீஷும் தெரியாது. அதற்குத் தெரிந்தது 0, 1 என்ற இரண்டே குறிகள். "மின்சாரம் இல்லை" என்றால் 0. "மின்சாரம் இருக்கிறது" என்றால் 1. இந்த இரண்டையும் மாற்றி மாற்றி அடுக்கித்தான் எந்த உத்தரவும் கொடுக்க வேண்டும்.

இன்னொரு தொல்லையும் உண்டு. ஒரு ரகச் சிப்பின் உத்தரவு இன்னொரு ரகச் சிப்புக்குப் புரியாது. ஒன்றில் "கூட்டு" என்பதைக் குறிக்கும் 0, 1 வரிசை, மற்றொன்றில் வேறு எதையோ குறிக்கும்.

மனிதர்கள் எழுதுவதற்கு வசதியாக "கம்ப்யூட்டர் மொழி"களைக் கண்டுபிடித்தார்கள். அமெரிக்காவில் பெல் ஆராய்ச்சிச்சாலையில் டென்னிஸ் ரிச்சி என்பவர் 1970-களின் தொடக்கத்தில் "சி" என்ற மொழியை உண்டாக்கினார். சி மொழியில் ஒரு முறை எழுதினால் போதும். ஒவ்வொரு ரகச் சிப்புக்கும் ஒரு "மொழிபெயர்ப்பு புரோகிராம்" இருக்கும். அது சி மொழியை அந்தச் சிப்பின் 0, 1 ஆக மாற்றிக் கொடுக்கும்.

கடுகு கம்ப்யூட்டர்களை ஆட்டி வைப்பதில் சி மொழிதான் பல ஆண்டுகள் ராஜாவாக இருந்தது. இன்றும் அதற்குச் செல்வாக்குக் குறையவில்லை.

ஆனால் சி மொழி சுலபம் அல்ல. சிப்பின் உள் அமைப்பு அத்துப்படியாக இருக்க வேண்டும். சின்னத் தவறு செய்தாலும் முழு வேலையும் நின்றுவிடும். பெரிய கம்ப்யூட்டரில் எழுதி, மொழிபெயர்த்து, சிப்புக்குள் ஏற்றி, ஓட்டிப் பார்க்க வேண்டும். தவறு இருந்தால் முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும்.

மரத்தின் பெயரில் ஒரு மொழி

"எந்தச் சிப்பிலும் மாற்றாமல் ஓடக்கூடிய ஒரே மொழி இருந்தால் எப்படி இருக்கும்?"

1991-ல் அமெரிக்காவில் சன் என்ற கம்பெனியில் சிலர் இப்படி யோசித்தார்கள். அவர்களில் ஒருவர் ஜேம்ஸ் காஸ்லிங். கனடா நாட்டுக்காரர். வீட்டில் இருக்கும் டெலிவிஷன் போன்ற சாமான்களுக்குள் புகுந்து வேலை செய்யும் மொழி ஒன்றை அவர் செய்தார். அவருடைய ஆபீசுக்கு வெளியே ஒரு ஓக் மரம் நின்றது. மொழிக்கு "ஓக்" என்றே பெயர் வைத்தார்.

அந்த மொழியில் ஓடும் கையடக்கக் கருவி ஒன்றையும் 1992-ல் செய்து காட்டினார்கள். பார்த்தவர்கள் மெச்சினார்கள். ஆனால் வாங்குவதற்கு ஆள் வரவில்லை.

மொழி வீணாகிவிடவில்லை. 1995-ல் "ஜாவா" என்ற புதுப் பெயருடன் வெளிவந்தது. இன்டர்நெட்டின் புண்ணியத்தால் உலகம் எங்கும் பரவியது. சின்னச் சாமானுக்காகப் பிறந்த மொழி, பெரிய கம்ப்யூட்டர்களில் போய்ப் புகழ் அடைந்தது!

பிறகு மெல்லத் தன் பழைய இடத்துக்கும் வந்தது. ஜாவாவைச் சுருக்கி, பிளாஸ்டிக் கார்டில் இருக்கும் சிப்புக்குள் 1990-களின் பிற்பகுதியில் அடக்கினார்கள். உங்கள் செல்போனில் இருக்கும் சிம் கார்டைப் பாருங்கள். உலகத்தில் பல சிம் கார்டுகளுக்குள் இந்தச் சுருக்கு ஜாவாதான் ஓடிக்கொண்டிருக்கிறது.

பாம்பு அல்ல, நாடகம்!

இந்த நேரத்தில் ஐரோப்பாவில் வேறொரு மொழி வளர்ந்து வந்தது.

ஹாலந்து நாட்டில் ஆம்ஸ்டர்டாம் நகரில் ஒரு கணித ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. அங்கே கைடோ வான் ரோசம் என்பவர் வேலை பார்த்தார். 1989 டிசம்பரில், கிறிஸ்துமஸ் விடுமுறை சமயத்தில், பொழுதுபோக்காக ஒரு புது மொழியைத் தொடங்கினார். 1991-ல் அதை வெளியிட்டார். பெயர் "பைதான்."

பைதான் என்றால் மலைப்பாம்பு. ஆனால் அவர் பாம்பை நினைத்துப் பெயர் வைக்கவில்லை. "மான்டி பைதான்" என்ற பிரிட்டிஷ் டெலிவிஷன் நகைச்சுவைக் கோஷ்டி அவருக்கு ரொம்பப் பிடிக்கும். அந்தப் பெயரைத்தான் வைத்தார்.

பைதான் படிக்க எளிது. கட்டாயம் தெரிந்திருக்க வேண்டிய அடிப்படைச் சொற்கள் சுமார் 35தான். சி மொழியில் பத்து வரி எழுதும் இடத்தில், பைதானில் இரண்டு மூன்று வரியில் முடிந்துவிடுவது உண்டு. பள்ளிகளில் சொல்லிக் கொடுக்கிறார்கள். பாங்கிகளிலும், விஞ்ஞான ஆராய்ச்சியிலும் பயன்படுகிறது.

இவ்வளவு நல்ல மொழியைக் கடுகு கம்ப்யூட்டருக்கும் கொடுத்தால் என்ன?

அங்கேதான் இடித்தது. இடம் போதவில்லை!

ஐந்து லட்சத்தில் ஒரு பங்கு

கம்ப்யூட்டர் வேலை செய்யும்போது தகவல்களை வைத்துக்கொள்ள இடம் வேண்டும். அதற்கு "நினைவு" என்று பெயர்.

இன்று சாதாரணமாகக் கடையில் வாங்கும் மடிக் கம்ப்யூட்டரில் 8 ஜி.பி. நினைவு இருக்கும். ஒரு சின்னச் சிப்பில் 16 கே.பி. இருக்கும். வித்தியாசம் எவ்வளவு தெரியுமா? சிப்பில் இருப்பது ஐந்து லட்சத்தில் ஒரு பங்குக்கும் குறைவு!

இன்னும் எளிதாகச் சொல்வது என்றால், நீங்கள் இப்போது படிக்கும் இந்தக் கட்டுரையை அந்த 16 கே.பி.யில் வைத்துப் பார்த்தால் பாதி கூட அடங்காது.

பெரிய கம்ப்யூட்டரில் ஓடும் பைதானுக்குப் பல எம்.பி. நினைவு வேண்டும். யானையைக் கோழிக் கூண்டில் அடைக்க முடியுமா? "முடியாது" என்றுதான் பலர் நினைத்தார்கள்.

கேம்பிரிட்ஜ் வாலிபர்

"முடியும்" என்று ஒருவர் முன்வந்தார்.

அவர் பெயர் டேமியன் ஜார்ஜ். ஆஸ்திரேலியாவைச் சேர்ந்தவர். இங்கிலாந்தில் கேம்பிரிட்ஜில் பௌதிக ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தார். 2013-ல் பைதான் மொழியைச் சின்னச் சிப்புக்குள் ஏற்றும் வேலையில் இறங்கினார். பெரிய பைதானை வெட்டிச் சுருக்கவில்லை. இலக்கணத்தை மட்டும் வைத்துக்கொண்டு, உள்ளே இருக்கும் எல்லாவற்றையும் புதிதாக எழுதினார். அதற்கு "மைக்ரோபைதான்" என்று பெயர் வைத்தார்.

பணத்துக்கு என்ன செய்வது? நம் ஊரில் மொய் எழுதுவது போல, இன்டர்நெட்டில் பொதுமக்களிடம் சிறு சிறு தொகையாகப் பணம் திரட்டும் முறை ஒன்று உண்டு. 2013-ம் ஆண்டு கடைசியில் அவர் அந்த வழியில் கேட்டார்.

அவர் கேட்டது 15 ஆயிரம் பவுன். வந்தது 97 ஆயிரத்து 803 பவுன்! 1,931 பேர் கொடுத்திருந்தார்கள்.

பணம் கொடுத்தவர்களுக்கு மைக்ரோபைதான் ஓடும் சிறு பலகை ஒன்று கிடைத்தது. அதில் இருந்த நினைவு 192 கே.பி. அதோடு டேமியன் ஜார்ஜ் இன்னொரு காரியமும் செய்தார். தான் எழுதிய முழுவதையும், "யாரும் எடுத்துக்கொள்ளலாம், திருத்தலாம், பயன்படுத்தலாம்" என்று உலகத்துக்கே திறந்து வைத்தார்.

எப்படி அடக்கினார்?

ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டையே உதாரணமாக எடுத்துக்கொள்ளலாம்.

கமிஷன் மண்டியில் இரண்டு இடம் உண்டு. ஒன்று, வியாபாரம் நடக்கும் முன்களம். இன்னொன்று, பின்னால் இருக்கும் குடோன். சிப்பிலும் அப்படித்தான். வேலை செய்யும் நினைவு என்பது முன்களம். அது மிகவும் சிறியது. புரோகிராமை நிரந்தரமாகப் பதித்து வைக்கும் இடம் குடோன். அது கொஞ்சம் பெரியது.

முதல் தந்திரம்: எல்லாவற்றையும் முன்களத்துக்குக் கொண்டுவராதே. குடோனில் இருப்பதை அங்கே இருந்தபடியே பயன்படுத்து.

இரண்டாவது தந்திரம்: ஒரு பெயரை ஒரே ஒரு தடவைதான் எழுது. கணக்குப் புத்தகத்தில் ஒரு வியாபாரியின் முழுப் பெயரை நூறு இடத்தில் எழுதுவானேன்? முதல் பக்கத்தில் ஒரு தடவை எழுதி எண் கொடுத்துவிட்டால், மற்ற இடங்களில் எண் மட்டும் போதும் அல்லவா?

மூன்றாவது தந்திரம்: சிறிய எண்களுக்குத் தனி இடம் கொடுக்காதே. மூட்டையின் விலையை மூட்டை மேலேயே எழுதிவிட்டால், தனியாகச் சீட்டு எதற்கு?

நான்காவது தந்திரம்: இடம் நிரம்பினால் கூட்டிப் பெருக்கு. ஏலம் முடிந்ததும் களத்தில் கிடக்கும் சருகையும் சாக்கையும் கூட்டித் தள்ளுவார்கள். மறுபடி இடம் கிடைக்கும். மைக்ரோபைதானும் அவ்வப்போது நின்று, உபயோகம் இல்லாத தகவல்களைத் தள்ளி இடம் பிடித்துக்கொள்ளும்.

இந்தத் தந்திரங்களால் யானை ஆட்டுக்குட்டி ஆகிவிட்டது. குடோனில் 256 கே.பி., களத்தில் 16 கே.பி. இருந்தால் மைக்ரோபைதான் ஓடும்.

பிளக் மட்டும் மாறும்

மைக்ரோபைதானை இரண்டு பகுதியாகப் பிரித்திருக்கிறார்கள். பெரிய பகுதி எல்லாச் சிப்புக்கும் பொது. சின்னப் பகுதி மட்டும் சிப்புக்குச் சிப்பு மாறும்.

மாவு அரைக்கும் கிரைண்டரை வெளிநாட்டுக்கு எடுத்துப் போனால் என்ன செய்கிறோம்? கல்லையும் மோட்டாரையும் மாற்றுகிறோமா? பிளக்கை மாற்றிக்கொள்கிறோம். அதே கதைதான். புதிதாக ஒரு சிப் வந்தால், அந்தச் சிப்பின் கால்கள் எங்கே, கடிகாரம் எங்கே, தகவல் எந்த வழியாக வரும் என்பதை மட்டும் எழுதிச் சேர்த்தால் போதும். பொதுப் பகுதி அப்படியே வந்து உட்கார்ந்துகொள்ளும்.

இன்னொரு பெரிய வசதியும் உண்டு. சிப்பைக் கம்ப்யூட்டருடன் ஒரு வயரால் இணைத்து, "2-ம் 3-ம் எத்தனை?" என்று கேட்டால் உடனே "5" என்று பதில் சொல்லும். "விளக்கைப் போடு" என்று ஒரு வரி எழுதினால் உடனே விளக்கு எரியும். தவறாக எழுதினால், "இந்த வரியில் தவறு" என்று அதுவே சொல்லும். ஊமையாக இருந்த சிப் வாய் திறந்து பேசுகிறது!

பத்து லட்சம் பிள்ளைகள்

அடுத்த சோதனை இங்கிலாந்தில் வந்தது.

பி.பி.சி. ரேடியோவைப் பற்றிக் கேள்விப்பட்டிருப்பீர்கள். அந்த நிறுவனம் பல கம்பெனிகளுடன் சேர்ந்து "மைக்ரோபிட்" என்ற சிறு பலகையைத் தயார் செய்தது. தீப்பெட்டியை விடக் கொஞ்சம் பெரிது. அதில் 25 சிறு விளக்குகள், இரண்டு பொத்தான்கள், ஆட்டினால் அசைவை அறியும் கருவி, திசை காட்டும் கருவி எல்லாம் உண்டு. 2016-ல் பிரிட்டனில் 11, 12 வயதுப் பிள்ளைகள் சுமார் பத்து லட்சம் பேருக்கு இலவசமாகக் கொடுத்தார்கள்.

அந்தப் பலகையில் இருந்த நினைவு வெறும் 16 கே.பி.தான். அதில் பைதான் ஓடுமா?

டேமியன் ஜார்ஜ் ஓட்டிக் காட்டினார். உலகத்தின் பல பாகங்களிலிருந்து பைதான் பிரியர்கள் கூலி வாங்காமல் உதவினார்கள். பெரிய கம்பெனிகளில் சம்பளம் வாங்கும் என்ஜினீயர்கள் எழுதும் அதே மொழியை, ஆறாம் ஏழாம் வகுப்புப் பிள்ளைகள் எழுதினார்கள். பலகையில் தங்கள் பெயர் ஓடுவதைப் பார்த்துக் குதித்தார்கள்.

பிறகு விலை மளமளவென்று இறங்கியது. 2021 ஜனவரியில் இங்கிலாந்தில் "ராஸ்பெரி பை பிகோ" என்ற பலகை வந்தது. விலை 4 டாலர். நினைவு 264 கே.பி. மைக்ரோபைதான் அதில் ஓடும். சீனாவின் ஷாங்காய் நகரில் இருக்கும் எஸ்பிரசிப் கம்பெனியின் சிப்புகளில் வை-பை வசதியும் சேர்ந்தே வருகிறது. அவற்றிலும் மைக்ரோபைதான் ஓடும். விண்வெளியில் பறக்கும் கருவிகளுக்கு இது உதவுமா என்று ஐரோப்பிய விண்வெளி நிறுவனமும் பணம் கொடுத்து ஆராய்ச்சி செய்ய வைத்தது.

தோட்டத்தில் என்ன பயன்?

"இதெல்லாம் சரி. ஒட்டன்சத்திரத்துக்கு இதனால் என்ன?" என்று கேட்கலாம்.

ஒட்டன்சத்திரம் வட்டாரம் வானத்தையும் கிணற்றையும் நம்பி இருக்கும் பூமி. கள்ளிமந்தையம், இடையகோட்டை பக்கம் முருங்கைத் தோட்டங்கள் இருக்கின்றன. தண்ணீர் என்றால் தங்கம். தக்காளி விலை ஒரு நாள் ஏறும், ஒரு நாள் விழும். விலை விழுந்த நாளில், வீணாகப் பாய்ந்த தண்ணீரும் நஷ்டக் கணக்கில்தான் சேரும்.

ஒரு தோட்டம் என்று வைத்துக்கொள்வோம். மண்ணில் ஈரம் எவ்வளவு என்று காட்டும் சிறு கருவியைச் செடியின் வேர் ஆழத்தில் புதைக்கிறார்கள். அதிலிருந்து ஒரு வயர் சிப் பலகைக்கு வருகிறது. பலகையில் எழுத வேண்டிய உத்தரவின் சாரம் இவ்வளவுதான்:

ஈரம் 30-க்குக் கீழே போனால், மோட்டாரைப் போடு.
ஈரம் 60-ஐத் தாண்டினால், மோட்டாரை நிறுத்து.
பத்து நிமிஷம் காத்திரு. மறுபடி பார்.

இதையே பைதான் மொழியில் எழுதினால் ஏறக்குறைய இதே மாதிரி சில வரிகள்தான் வரும். நடு ராத்திரியில் டார்ச் லைட்டுடன் வரப்பில் நடந்துபோய் மோட்டார் போடும் வேலை மிச்சம். பூச்சி பொட்டுப் பயமும் மிச்சம்.

சில விஷயங்களைக் கவனிக்க வேண்டும். மலிவான ஈரக் கருவியில் இரண்டு உலோகக் கம்பிகள் மண்ணைத் தொட்டுக்கொண்டு இருக்கும். அவை சீக்கிரம் அரித்துவிடும். உலோகம் மண்ணைத் தொடாதபடி மூடப்பட்ட ரகம் நீடித்து உழைக்கும். 30, 60 என்ற எண்களும் உதாரணத்துக்குச் சொன்னவைதான். செம்மண்ணுக்கு ஒரு கணக்கு, கரிசல் மண்ணுக்கு ஒரு கணக்கு. அவரவர் நிலத்தில் சோதித்துப் பார்த்துத்தான் வைக்க வேண்டும்.

மிக முக்கியமான விஷயம்: சிப் நேராக மோட்டாரை ஓட்டாது. சிப்பில் இருக்கும் மின்சாரம் 3 வோல்ட், 5 வோல்ட்தான். மூன்று பேஸ் மோட்டாருக்கு 400 வோல்ட்டுக்கு மேல் வேண்டும். நடுவில் ரிலேயும் ஸ்டார்ட்டரும் இருக்க வேண்டும். அந்த இணைப்பைத் தெரிந்த எலெக்ட்ரீஷியன்தான் செய்ய வேண்டும். விளையாட்டாக யாரும் கை வைக்கக்கூடாது. உயிருக்கு ஆபத்து!

கடையில் தயாராக விற்கும் தானியங்கிப் பெட்டிகளும் உண்டு. பிறகு எதற்கு இந்தப் பாடு? பெட்டி கெட்டால், விற்றவரைத் தேடி அலைய வேண்டும். அவர் கடையை மூடிவிட்டால் பெட்டி பழைய இரும்பு. ஆனால் சிப்புக்குள் எளிய மொழி இருந்து, அதில் எழுதியது வீட்டில் ஒருவருக்குப் புரிந்தால், வீட்டிலேயே திருத்தலாம். பயிர் மாறினால் ஒரு எண்ணை மாற்றலாம். யார் கையில் மொழி இருக்கிறதோ, அவர் கையில்தான் கருவி இருக்கும்.

குறையும் உண்டு

மைக்ரோபைதான் சர்வரோக நிவாரணி அல்ல.

சி மொழியில் எழுதியதைவிட இது மெதுவாகத்தான் ஓடும். நினைவும் அதிகம் பிடிக்கும். இடம் பிடிக்க அவ்வப்போது கூட்டிப் பெருக்குகிறது என்று பார்த்தோம் அல்லவா? அந்தச் சமயத்தில் ஒரு கணம் நிற்கும். தக்காளிச் செடிக்கு ஒரு கணம் தாமதித்தால் ஒன்றும் ஆகாது. ஆனால் கார் பிரேக்குக்கு ஒரு கணம் என்பது உயிர். அந்த மாதிரி வேலைகளுக்குச் சி போன்ற மொழிகளே சரி.

உண்மையில் மைக்ரோபைதானே சி மொழியில்தான் எழுதப்பட்டிருக்கிறது. அஸ்திவாரம் சி. மேலே கட்டிய வீடு பைதான்.

சென்னையில் பிறந்த "சக்தி"

மொழி கிடைத்துவிட்டது. சிப்? அதற்கு நம் நாடு வெளிநாட்டைத்தான் நம்பி இருந்தது.

சென்னை கிண்டியில் இருக்கும் ஐ.ஐ.டி.யில் பேராசிரியர் காமகோடியும் அவருடைய கோஷ்டியினரும் "சக்தி" என்ற பெயரில் சிப் வடிவமைப்பில் இறங்கினார்கள். இந்த காமகோடிதான் 2022-ல் சென்னை ஐ.ஐ.டி.யின் டைரக்டர் ஆனார்.

அவர்கள் எடுத்துக்கொண்டது "ரிஸ்க்-ஃபைவ்" என்ற முறை. அது 2010-ல் அமெரிக்காவில் கலிபோர்னியா சர்வகலாசாலையின் பெர்க்லி கிளையில் பிறந்தது. சிப்புக்குக் கொடுக்கும் உத்தரவுகளின் பட்டியல் அது. அதைப் பயன்படுத்த யாருக்கும் பணம் கட்ட வேண்டியது இல்லை.

2018-ல் முதல் சக்தி சிப்புகள் அமெரிக்காவில் இன்டெல் தொழிற்சாலையில் செய்யப்பட்டன. அதே ஆண்டு இந்தியாவிலேயே, சண்டிகாருக்கு அருகில் இருக்கும் தொழிற்சாலையில் இன்னொரு சிப் உருவானது. 2020-ல் "மௌஷிக்" என்ற சிப் வந்தது. சின்னச் சாமான்களுக்காகவே வடிவமைத்த சிப் அது. 2025 பிப்ரவரியில் இந்திய விண்வெளி நிறுவனத்துடன் சேர்ந்து செய்த "ஐரிஸ்" சிப் வெற்றிகரமாக இயங்கியதாக அறிவித்தார்கள். கேரளத்தில் திருவனந்தபுரத்தில் இருக்கும் சி-டாக் நிறுவனமும் "வேகா" என்ற பெயரில் இதே முறையில் சிப்புகளை வடிவமைத்திருக்கிறது.

இங்கேதான் எல்லா ஊரிலும் செல்லும் மொழியின் அருமை தெரிகிறது. புதிய சிப் ஒன்று பிறந்தால், அதற்கு மொழி தெரியாமல் போனால் யார் வாங்குவார்கள்? ரிஸ்க்-ஃபைவ் முறைக்குச் சி மொழியின் மொழிபெயர்ப்பு புரோகிராம் ஏற்கெனவே தயார். சி மொழி ஏறிவிட்டால், அதன் முதுகில் மற்ற மொழிகளும் ஏறலாம். பிறந்த குழந்தை, பேச்சைக் கையோடு கொண்டுவருவது போல!

தமிழும் ஏறுமா?

பைதானின் 35 சொற்களும் இங்கிலீஷ் சொற்கள்தானே? தமிழில் இருக்கக்கூடாதா?

அதற்கும் ஒருவர் முயன்றிருக்கிறார். அவர் பெயர் முத்து அண்ணாமலை. "எழில்" என்ற கம்ப்யூட்டர் மொழியை உண்டாக்கினார். அதில் உத்தரவுகள் தமிழில் இருக்கும். எழுதிக் காட்டு என்பதற்கு "பதிப்பி." முடிந்தது என்பதற்கு "முடி." சிறு பிள்ளைகள் தாய்மொழியிலேயே கம்ப்யூட்டர் படிக்கட்டும் என்பது நோக்கம். எழில் மொழியே பைதானில்தான் எழுதப்பட்டிருக்கிறது.

இங்கிலீஷ் தெரியாதே என்று தயங்குகிறவர்களுக்கு இது நல்ல பாடம். கம்ப்யூட்டருக்கு எந்த மொழியும் தாய்மொழி அல்ல. அதற்கு 0, 1 மட்டும்தான் தெரியும். மற்றதெல்லாம் மனிதன் சொல்லிக் கொடுத்தது.

பள்ளிக்கூடத்தில் இடம்

இந்தியாவில் பல பள்ளிகளில் மத்திய அரசாங்கம் "அடல் டிங்கரிங் லேப்" என்ற கூடங்களை 2016 முதல் அமைத்து வருகிறது. ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை படிக்கும் பிள்ளைகள் சிப் பலகை, வயர், விளக்கு இவற்றை எடுத்துச் செய்து பார்க்கலாம். கூடம் இல்லாத ஊரிலும், சில நூறு ரூபாய்ப் பலகை ஒன்றும் ஒரு பழைய கம்ப்யூட்டரும் இருந்தால் வீட்டிலேயே தொடங்கலாம். மைக்ரோபைதானுக்குக் காசு கிடையாது.

முதல் பாடம் எல்லோருக்கும் ஒன்றுதான்: ஒரு சின்ன விளக்கை எரிய வை, அணை. விளக்கு எரிந்த அன்று பிள்ளைக்குத் தூக்கம் வராது!

மறுபடியும் ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டைப் பாருங்கள். தராசில் சிவப்பு எண்கள் எரிகின்றன. அந்தத் தராசுக்கு அரசாங்க முத்திரை உண்டு. அதன் சிப்பில் யாரும் கை வைக்கக்கூடாது. எடை நியாயமாக இருக்க அதுதான் காவல்.

ஆனால் தோட்டத்துச் சிப் அப்படி அல்ல. அது தோட்டக்காரருக்குச் சொந்தம். நேற்று வரை அது கம்பெனி சொன்னதை மட்டும் கேட்டது. இனி தோட்டக்காரரின் மகளோ மகனோ சொன்னாலும் கேட்கும்.

சொல்லக் கற்றுக்கொள்ள வேண்டும். அவ்வளவுதான்!